இருபத்தேழு மாதம் நீண்ட ஒரு கணம்

2008இல், பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, விடுதி நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்து இதழ் நடத்தினோம். ஜெராக்ஸ் எடுத்து அறை அறையாகப் போட்டுவிட்டு வருவோம். அதில் ராபர்ட் முகாபேயைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். வெள்ளைக்காரப் பண்ணையார்களிடமிருந்து நிலத்தை மீட்டவர், அதனால்தான் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் அவரைக் கண்டால் ஆகவில்லை என்பதுதான் கட்டுரையின் சாரம். மட்டபேலேலாந்து என்ற பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. எனக்கு அப்போது தெரியாது என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஜிம்பாப்வேயின் கத்தோலிக்க நீதி, சமாதான ஆணையம் அங்கிருக்கும் ஒரு சட்ட உதவி அமைப்போடு சேர்ந்து 'மௌனத்தை உடைத்தல்' என்ற அறிக்கையை 1997இலேயே வெளியிட்டுவிட்டது. விடுதியில் இணையமும் இருந்தது. தேடவில்லை, அவ்வளவுதான்.

2019 செப்டம்பரில் முகாபே இறந்தார். அதே இதழில் என்னோடு இருந்த நண்பன் ஓர் அஞ்சலிக் குறிப்பு எழுதி அனுப்பினான். நன்றாகத்தான் எழுதியிருந்தான். நான் ஐந்தாவது படைப்பிரிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டேன். "அது ஒரு கணப் பைத்தியக்காரத்தனம்னு அவரே ஒத்துக்கிட்டாரேடா. அதுக்கு மேல அந்த மனுஷன் என்ன பண்ணணும்ங்கிற?" என்றான்.

உண்மைதான், முகாபே அப்படிச் சொல்லியிருக்கிறார். 1999இல் இறந்த ஜோஷுவா என்கோமோவின் நினைவு நிகழ்ச்சியில், எண்பதுகளின் அந்தக் கொலைகளைப் பைத்தியம் பிடித்த ஒரு கணம் என்றார். அவர் வாயிலிருந்து வந்ததில் மன்னிப்புக்கு மிக அருகில் வந்த சொல் அதுதான். உலகம் முழுக்க அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். என் நண்பனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். எனக்கு அது வாக்குமூலமாகவே தெரியவில்லை. நடந்ததில் மிச்சமிருந்த சாட்சியத்தையும் துடைத்துப்போடும் சொல்லாகத்தான் தெரிகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 1983 ஜனவரி கடைசியிலிருந்து 1984 முடியும்வரை, ஜிம்பாப்வேயின் மேற்குப் பகுதியான மட்டபேலேலாந்திலும் அதை ஒட்டிய மிட்லேண்ட்ஸ் மாகாணப் பகுதிகளிலும் அந்நாட்டு ராணுவத்தின் ஐந்தாவது படைப்பிரிவு பொதுமக்களைக் கொன்றது. பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர்வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலோர் இண்டெபெலே மொழி பேசும் கிராமத்து மக்கள். உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று தனியாக உருவாக்கப்பட்ட படைப்பிரிவு அது.

"உருவாக்கப்பட்ட" என்பதுதான் முக்கியமான சொல். பைத்தியம் பிடித்தவன் ஒப்பந்தம் போடமாட்டான். பயிற்சியாளர்களை வரவழைத்து, முகாம் கட்டி, சீருடை தைத்து, அணிவகுப்பு நடத்திக் கொடி கொடுக்கமாட்டான். இவை எல்லாம் நடந்தன, தேதியோடு பதிவும் ஆகியிருக்கின்றன.

1980 ஏப்ரல் 18 அன்று ஜிம்பாப்வே விடுதலை பெற்றது. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து இரண்டு இயக்கங்கள் போரிட்டிருந்தன. ஒன்று முகாபேயின் ஸானு. அதன் படை ஸான்லா. அதற்கு ஆதரவு பெரும்பாலும் ஷோனா மொழி பேசுபவர்களிடம். இன்னொன்று என்கோமோவின் ஸாப்பு. அதன் படை ஸிப்ரா. அதன் பலம் மேற்கில், இண்டெபெலே மக்களிடம். (கோடு இவ்வளவு நேராக இருக்கவில்லை, ஸாப்புவில் ஷோனா தலைவர்களும் இருந்தார்கள். பின்னால் நடந்தவைதான் கோட்டை நேராக்கின.) முதல் தேர்தலில் ஸானுவுக்கு 57 இடம், ஸாப்புவுக்கு 20. என்கோமோ அமைச்சரவையில் சேர்ந்தார். ஸான்லா, ஸிப்ரா, பழைய ரொடீசிய ராணுவம் மூன்றையும் கலந்து ஒரே தேசிய ராணுவம் ஆக்கும் வேலை பிரிட்டிஷ் பயிற்சிக் குழுவின் உதவியோடு தொடங்கியது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் ஒரே பாசறையில். சுலபமான வேலை இல்லை, ஆனாலும் நடந்துகொண்டிருந்தது.

அந்த வேலை பாதியில் இருக்கும்போது, 1980 அக்டோபரில், முகாபே வட கொரியாவின் கிம் இல் சுங்கோடு ஒரு தனிப் படைப்பிரிவுக்குப் பயிற்சி தர ஒப்பந்தம் செய்தார். இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புலவாயோவின் எண்டும்பானேயில் ஸிப்ரா வீரர்களுக்கும் ஸான்லா வீரர்களுக்கும் முதல் மோதல் நடந்தது அடுத்த மாதம், நவம்பரில். ஸாப்புவுக்குச் சொந்தமான பண்ணைகளில் ஆயுதக் குவியல் கிடைத்ததாக அறிவித்து என்கோமோவைப் பதவிநீக்கம் செய்தது 1982 பிப்ரவரியில். ஸிப்ராவைச் சேர்ந்தவர்கள் ராணுவத்திலிருந்து தப்பிக் காட்டுக்குள் போனது பெரும்பாலும் அதற்குப் பிறகு. அதாவது, கிளர்ச்சிக்காரர்களை அடக்கத்தான் அந்தப் படை என்றால், கிளர்ச்சிக்காரர்கள் என்று ஒரு கூட்டம் உருவாவதற்கு முன்பே அதற்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

1981 ஆகஸ்டில் 106 வட கொரியப் பயிற்சியாளர்கள் வந்து இறங்கினார்கள். கிழக்கு எல்லையில், நியாங்கா மலைப் பகுதியில் பயிற்சி. அப்போதே, அமைச்சரவைக்குள் இருந்துகொண்டே என்கோமோ கேட்டார்: உள்நாட்டு ஒழுங்கைக் காக்கப் போலீஸும் ராணுவமும் இருக்கும்போது இது யாருக்காக? ஒருகட்சி ஆட்சியைத் திணிப்பதற்கா? முகாபே சொன்ன பதில், கிளர்ச்சிக்காரர்களையும் நாட்டில் வரக்கூடிய மற்றத் தொந்தரவுகளையும் சமாளிக்க என்பது. 1982 டிசம்பரில் பயிற்சி நிறைவு அணிவகுப்பு. 1983 ஜனவரியில் களம் இறங்கியது. ஒப்பந்தத்திலிருந்து களம்வரை இருபத்தேழு மாதம்.

இங்கே என் தொழிலிலிருந்து ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நள்ளிரவு, வாடிக்கையாளர்களின் தரவு ஒரு பெரும்பகுதி அழிந்துபோனது. மறுநாள் ஆர்.சி.ஏ. எழுத உட்கார்ந்தோம். என்ன தவறு, அதன் வேர் எங்கே என்று கண்டுபிடித்து எழுதும் அறிக்கையை எங்கள் புழக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மேலாளர் முதல் வரியையே "மனிதத் தவறு" என்று போட்டார். கட்டளையைத் தட்டிய ஒப்பந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அவன் கணக்குக்கு எதை வேண்டுமானாலும் அழிக்கும் அனுமதி யார் கொடுத்தது? அழிக்கும் முன் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரும் படியை, வேகம் போதவில்லை என்று சொல்லி எடுத்துவிட்டது யார்? அந்தக் கணக்கின் நடமாட்டம் மட்டும் பொதுப் பதிவேட்டில் ஏறாமல் இருந்தது எப்படி? இதில் ஒன்றுகூட அறிக்கையில் வரவில்லை. எட்டு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு இரவு வந்தது.

ஒரு தரவுத்தளத்தையும் ஒரு மக்கள்கூட்டத்தையும் ஒப்பிடுவது அசிங்கம் என்று எனக்கே தெரிகிறது. ஒப்பிடவில்லை. கேள்விகளை மட்டும் கடன் வாங்குகிறேன். ஐந்தாவது படைப்பிரிவு எப்படிக் கட்டப்பட்டது என்று அந்தக் கேள்விகளோடு பார்த்தால், "பைத்தியம்" என்ற சொல் எவ்வளவு பெரிய பொய் என்பது தெரியும்.

முதலில் ஆட்கள். மற்றப் படைப்பிரிவுகளில் மூன்று பழைய படைகளும் கலந்திருந்தன. ஒருவன் எல்லை மீறினால் பக்கத்தில் நிற்பவன் வேறு கட்சிக்காரன், வேறு மொழிக்காரன். பார்த்துக்கொண்டிருப்பான், வெளியே சொல்வான். கலப்பதன் பயனே அதுதான். ஐந்தாவதில் அந்தக் கலப்பு இல்லை. கிட்டத்தட்ட எல்லோரும் பழைய ஸான்லா ஆட்கள், ஷோனா பேசுபவர்கள். தொடக்கத்தில் இருந்த ஒருசில ஸிப்ராக்காரர்களும் பயிற்சி முடிவதற்குள் களையப்பட்டார்கள். இந்தப் படையைத்தான் இண்டெபெலே பேசும் ஊர்களுக்குள் அனுப்பினார்கள். பெரும்பாலான சிப்பாய்களுக்கு அந்த ஊர்க்காரன் என்ன சொல்கிறான் என்பதே முழுதாகப் புரிந்திருக்காது. "உன் மகன் எங்கே?" என்று கேட்கிறவனுக்குப் பதில் விளங்காது என்றால், அந்தக் கேள்வி எதற்கு?

அடுத்தது கட்டளை. ராணுவத் தலைமையகத்தின் வழக்கமான அடுக்குக்குள் இந்தப் படைப்பிரிவு வரவில்லை. நேரடியாகப் பிரதமருக்குக் கட்டுப்பட்டது. பிரதமர், முகாபே. சீருடை வேறு, சிவப்புத் தொப்பி. ஆயுதம் வேறு. வானொலிக் கருவிகளும் சங்கேதக் குறிகளும் மற்றப் பிரிவுகளோடு பொருந்தாதவை.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ராணுவத்தில் வயர்லெஸ் என்பது வெறும் பேச்சு வசதி இல்லை. பக்கத்துப் பட்டாலியன் எங்கே இருக்கிறது, எதற்காகச் சுடுகிறது, யாரைப் பிடித்திருக்கிறது என்று மற்றவர்களுக்குக் காதில் விழுவது அதனால்தான். தெரியாமல் நம் ஆளை நாமே சுட்டுவிடாமல் இருப்பதும் அதனால்தான். ஒரே நாட்டுக்குள், ஒரே எதிரியைத் தேடுவதாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு பிரிவுகளுக்கு ஒன்றோடொன்று பேச முடியாத கருவி இருந்தால், போர்த் தந்திரமாக அது முட்டாள்தனம். அந்தக் கருவிகள் வட கொரியாவிலிருந்து வந்ததால் அமைந்த பொருத்தக்கேடு என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். அப்படியே விட்டுவைத்தது யார்? மற்றப் பிரிவுகளின் அதிகாரிகள் அந்தப் பகுதியில் நடப்பதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் எங்களுக்குக் கட்டளை வேறு இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் வசதி, அந்தப் பொருத்தக்கேட்டின் மறுபக்கம். யாருக்கும் கேட்காத வயர்லெஸ் என்றால், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

பிறகு சட்டம். இதைத்தான் நான் 2008இல் எழுதிய கட்டுரையோடு சேர்த்து வாசிக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெள்ளைச் சிறுபான்மை அரசு 1975இல் ஒரு சட்டம் போட்டிருந்தது: பயங்கரவாதத்தை அடக்குவதற்காக நல்லெண்ணத்தோடு செய்யும் எதற்கும் படையினர்மீது வழக்கில்லை. விடுதலைப் போராட்டக்காரர்களைச் சித்திரவதை செய்தவர்களைக் காப்பாற்றிய சட்டம் அது. 1982இல் முகாபே அரசு ஏறக்குறைய அதே பாதுகாப்பை அவசரநிலை விதிகளின் வழியாகத் தன் படைகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. அந்த அவசரநிலையே இயான் ஸ்மித் 1965இல் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கொண்டே போனார்கள்; 1990வரை. ஸ்மித்தின் உளவுத்துறைத் தலைவர் கென் ஃபிளவர்கூட அதே நாற்காலியில் தொடர்ந்தார். வீட்டை மீட்டோம் என்றார்கள். மீட்டது உண்மை. அதில் இருந்த சித்திரவதை அறையை இடிக்காமல் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நீதிமன்றம் என்று ஒன்று இருந்ததே என்றால், இருந்தது. ஸிப்ராவின் தலைவர்கள் டுமிசோ டபெங்வா, லுக்அவுட் மசூக்கு ஆகியோர்மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். 1983இல் நீதிமன்றம் விடுவித்தது. அவசரநிலை விதியின்கீழ் உடனே திரும்பவும் பிடித்து உள்ளே போட்டார்கள். மசூக்கு 1986இல் வெளியே வந்தார், சில வாரங்களில் இறந்துபோனார்.

பெயரையும் சொல்ல வேண்டும். படைப்பிரிவுக்கு முகாபே கொடுத்த கொடியில் இருந்த பெயர் குகுராஹுண்டி. ஷோனா மொழியில், வசந்த மழைக்கு முன்னால் பெய்து போன வருடத்துப் பதரை அடித்துக்கொண்டு போகும் முதல் மழை. அழகான சொல். களத்துமேட்டில் கிடந்த பதரும் தூசியும் ஒரே மழையில் ஓடிப்போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் குளிர்ச்சி தெரியும். 1979ஐ ஸானு ஏற்கெனவே 'குகுராஹுண்டி ஆண்டு' என்று அறிவித்திருந்தது. அன்று பதர் என்றது வெள்ளையர் ஆட்சியை. 1983இல் அதே சொல்லைக் கொடியில் ஏந்திக்கொண்டு மேற்கே நடக்கும்போது பதர் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மார்ச்சில் நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சர் கிளர்ச்சிக்காரர்களைக் கரப்பான்பூச்சிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் ஒப்பிட்டு, அரசு டி.டி.டி. கொண்டுவர வேண்டியதாயிற்று என்று பேசியது புலவாயோ நாளிதழில் வந்தது. அந்த அமைச்சர் பெயர் எம்மர்சன் மனங்காக்வா. 2017இலிருந்து ஜனாதிபதி.

களத்தில் நடந்ததை நான் விரித்து எழுதப் போவதில்லை. இரண்டே இடங்கள்.

லுபானே மாவட்டத்தில் செவாலே ஆறு. 1983 மார்ச் 5. இளைஞர்களும் இளம்பெண்களுமாக 62 பேரை ஆற்றங்கரையில் நிறுத்திச் சுட்டார்கள். 55 பேர் செத்தார்கள். ஏழு பேர் குண்டுக் காயத்தோடு பிழைத்ததால்தான் இந்த எண்களாவது நமக்குக் கிடைத்தன. இதே நாளில்தான் புலவாயோவில் என்கோமோவின் வீட்டுக்குள் புகுந்து அவர் டிரைவரைக் கொன்றார்கள். என்கோமோ போட்ஸ்வானா வழியாகத் தப்பி லண்டன் போனார். பிற ஊர்களில் கொன்றவர்களைப் புதைத்த குழிமேல் உறவினர்களையே ஆடவைத்தார்கள், ஷோனா மொழியில் ஸானு கட்சிப் பாட்டைப் பாடச் சொல்லி. அழக்கூடாது. அழுதால் அடி, சில இடங்களில் சாவு. இண்டெபெலே மக்களுக்கு உம்புயிசோ என்று ஒரு சடங்கு உண்டு. இறந்தவரின் ஆவியை ஒரு வருடம் கழித்து வீட்டுக்கு அழைத்துவருவது. அதன் பிறகுதான் அவர் குடும்பத்தின் முன்னோர் ஆகிறார். முறையாகப் புதைக்காதவருக்கு, எங்கே கிடக்கிறார் என்றே தெரியாதவருக்கு, அதைச் செய்வது எப்படி? கருமாதி நடக்காத வீட்டின் கனம் நமக்குத் தெரியாததா.

இரண்டாவது, 1984 பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல்வரை தெற்கு மட்டபேலேலாந்து. தொடர்ந்து மூன்றாவது வருடமாக மழை இல்லை. சுமார் நான்கு லட்சம் பேர் வாழும் பகுதி; பலர் நிவாரணத் தானியத்தை நம்பி இருந்தார்கள். ஊரடங்கு போட்டார்கள். கடைகளை மூடினார்கள். நிவாரண லாரிகளை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கை மாவு கொடுத்தவரும் குற்றவாளி. காரணம், உணவு கிளர்ச்சிக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது. இதற்கும் "வெறிபிடித்த சிப்பாய்" விளக்கத்துக்கும் என்ன தொடர்பு? சிப்பாய் வெறியில் சுடலாம். வெறியில் ஒரு மாகாணத்தின் தானிய விநியோகத்தை நிறுத்த முடியாது. அதற்குக் கோப்பு வேண்டும், கையெழுத்து வேண்டும், எந்தச் சாலையில் எந்த லாரியைத் தடுப்பது என்று ஒருவர் மேஜைமேல் வரைபடம் விரிக்க வேண்டும். அதே மாதங்களில் மட்டோபோ மாவட்டத்தின் பலாக்வே முகாமில் ஒரே சமயத்தில் இரண்டாயிரத்தை நெருங்கும் அளவு ஆண்களையும் பெண்களையும் அடைத்து அடித்தார்கள். செத்தவர்களில் பலரை ஆண்டிலோப் சுரங்கக் குழியில் கொட்டினார்கள்.

இப்போது என் நண்பன் பக்கத்து வாதம். அதை நான் ஒதுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு அப்போது ஜிம்பாப்வேயை உடைக்கப் பார்த்தது உண்மை. 1981 ஆகஸ்டில் இன்கோமோ பாசறையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, டிசம்பரில் ஹராரேயின் ஸானு தலைமையகத்தில் குண்டு, 1982 ஜூலையில் தார்ன்ஹில் விமானதளத்தில் போர் விமானங்கள் நாசம். "சூப்பர் ஸாப்பு" என்று ஒரு கூட்டத்துக்கு தென்னாப்பிரிக்கா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. கிளர்ச்சிக்காரர்களும் சாமியார்கள் இல்லை. 1982இல் ஆறு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளைக் கடத்திக் கொன்றார்கள். கிராமத்தாரைக் கொன்றார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். 1987 நவம்பரில் குழந்தைகள் உட்பட 16 பேரை ஒரு மிஷனரிப் பண்ணையில் வெட்டிக் கொன்றார்கள்.

சரி. இவர்களை அடக்கத்தான் ஐந்தாவது படைப்பிரிவு என்றே வைத்துக்கொள்வோம். அடக்கியதா? கிளர்ச்சிக்காரர்கள் உச்சத்தில்கூட நானூறு பேருக்கு மேல் இல்லை என்பது பிற்கால ஆய்வுகளின் கணக்கு. அவர்களில் மிஞ்சியவர்கள் பின்னாளில் ஆய்வாளர்களிடம் சொன்னது, தங்களைத் துரத்தியவை ராணுவத்தின் மற்றப் பிரிவுகள்தாம், சிவப்புத் தொப்பிக்காரர்கள் வந்தது ஊர்மக்களுக்காக என்று. வீட்டில் இருந்தால் சாவு என்ற நிலையில் காட்டுக்குப் போனவர்களும் உண்டு. ஆக அந்தப் படை கிளர்ச்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. 1986க்குள் படைப்பிரிவைக் கலைத்தாயிற்று. கிளர்ச்சி முடியவில்லை, மேலே சொன்ன மிஷனரிப் பண்ணைக் கொலை அதற்கு அடுத்த வருடம்.

முடிந்தது எப்படி? 1987 டிசம்பர் 22 அன்று முகாபேயும் என்கோமோவும் ஒற்றுமை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். ஸாப்பு ஸானுவுக்குள் கரைந்தது. 1988இல் பொதுமன்னிப்பு. காட்டுக்குள்ளிருந்து எத்தனை பேர் வெளியே வந்தார்கள் தெரியுமா? 122 பேர். எங்கள் கல்லூரியில் ஒரு வருட மெக்கானிக்கல் வகுப்பு.

ஆகவே இது கிளர்ச்சிக்காரர்களைப் பிடிக்கும் எந்திரமாக ஓடவே இல்லை. ஓர் எதிர்க்கட்சியையும் அதற்கு ஓட்டுப் போட்ட மக்களையும் மண்டியிட வைக்கும் எந்திரமாக ஓடியது. ஆனாலும், 1985 தேர்தலில் மட்டபேலேலாந்தின் 15 இடங்களையும் ஸாப்புதான் வென்றது. புதைகுழி ஈரம் காயாத ஊர்களில் அந்த மக்கள் வரிசையில் நின்று அதே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். என் நண்பனின் அஞ்சலியில் புரட்சி என்ற சொல் ஏழு முறை வந்தது. அந்த வரிசைக்கு அதில் இடமில்லை.

ஏகாதிபத்தியம் முகாபேமேல் அவதூறு பரப்பியது என்ற கதையையும் இங்கே முடித்துவிடலாம். அந்த வருடங்களில் ஏகாதிபத்தியம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 1984இல், தானிய லாரிகள் நின்ற அதே வருடத்தில், எடின்பரோ பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. 1994இல் பிரிட்டிஷ் ராணி கௌரவ நைட் பட்டம் கொடுத்தார். பிரிட்டிஷ் ராணுவப் பயிற்சிக் குழு நாட்டுக்குள்ளேயே இருந்தது. தூதரகத்துக்குச் செய்தி போகாமல் இல்லை. பட்டங்களைப் பிடுங்கிக்கொண்டது 2007இலும் 2008இலும், வெள்ளைப் பண்ணைகள் பறிபோன பிறகு. கறுப்பு விவசாயி செத்தபோது உறுத்தாதது அப்போது உறுத்தியது. இதைத்தான் நான் 2008இல் எழுதியிருக்க வேண்டும். பட்டத்தைப் பிடுங்கியதைத் திட்டினேன், கொடுத்ததைக் கேட்கவில்லை.

நாமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. செவாலே ஆற்றங்கரைக் கொலை நடந்த இரண்டாவது நாள் டெல்லியில் அணிசேரா நாடுகளின் ஏழாவது மாநாடு தொடங்கியது. 1986இல் எட்டாவது மாநாடு ஹராரேயில். ராஜீவ் காந்தியிடமிருந்து தலைமைப் பொறுப்பு முகாபே கைக்கு மாறியது. 1989ஆம் ஆண்டுக்கான சர்வதேச நல்லுறவு நேரு விருதை இந்திய அரசு அவருக்குக் கொடுத்தது. நல்லுறவு! நிறவெறிக்கு எதிராக நின்றார் என்பதற்காக. நின்றார், மறுக்கவில்லை. மட்டபேலேலாந்தின் கத்தோலிக்கத் திருச்சபையினர் 1983இலேயே ஆதாரங்களைத் திரட்டி அரசிடம் கொடுத்தார்கள். ஆயர்கள் ஈஸ்டர் சமயத்தில் வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்கள். தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறார்கள். எல்லா நாட்டிலும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு ஏதோ ஒரு படை இருக்கத்தானே செய்கிறது? இருக்கிறது. போலீஸால் முடியாத நிலைமை வரும் என்பதும் எனக்குத் தெரியும். நான் பார்ப்பது அந்தப் படை இருக்கிறதா என்பதை இல்லை. அது யாருக்குப் பதில் சொல்கிறது, அதற்குள் யார் இல்லை, அதன் பதிவேட்டை யார் திறந்து பார்க்கலாம், அது செய்ததற்கு வழக்குப் போடலாமா என்பதை. இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், முதல் குண்டு சுடுவதற்கு முன்பே கவலைப்படலாம். என்கோமோ 1981இல் கவலைப்பட்டது அப்படித்தான். அவருக்குப் பதவி வெறி என்றார்கள்.

"பைத்தியம்" என்று கோப்பை மூடியதால் என்ன ஆயிற்று என்றும் பாருங்கள். முகாபே அரசே அமைத்த சிஹாம்பக்வே விசாரணைக் குழு 1984இல் அறிக்கை கொடுத்தது. இன்றுவரை வெளியிடப்படவில்லை. பொதுமன்னிப்பு படையினருக்கும் நீட்டிக்கப்பட்டது. படைப்பிரிவின் தளபதி பெரன்ஸ் ஷிரி 1992இல் விமானப்படைத் தலைவர் ஆனார், பிறகு விவசாய அமைச்சர். 2005இல் நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளினார்கள். ஏழு லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ, சிலர் இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. தூதரின் அறிக்கை சொன்னது. அந்த நடவடிக்கையின் பெயர் முரம்பட்ஸ்வினா. ஷோனாவில், குப்பையை அகற்று என்று பொருள். முன்பு பதர், இப்போது குப்பை. 2005இல் அடிபட்டவர்களில் ஷோனா மக்களும் நிறைய.

2020 ஜூலையில் ஷிரி இறந்தார். ஹராரேக்கு வெளியே தேசிய வீரர் நிலத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த நினைவிடத்தை வடிவமைத்துக் கட்டியவர்களும் வட கொரியர்கள்தாம். அதே நிலத்தில் என்கோமோவும் இருக்கிறார்.

இதை எழுதும் முன்பு நண்பனைக் கூப்பிட்டுப் பேசினேன். "எல்லாரும் செத்துப் போயிட்டாங்கடா, இப்ப எதுக்கு?" என்றான். எல்லோரும் சாகவில்லை. அப்பா எங்கே, எப்படிச் செத்தார் என்று எழுத அரசு மறுத்ததால் இறப்புச் சான்றிதழ் கிடைக்காமல், அது இல்லாததால் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைக்காமல், பரீட்சை எழுதவும் வேலை தேடவும் தடுமாறிய பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்கள். 2024 ஜூலையில் மனங்காக்வா, ஊர்த் தலைவர்கள் தங்கள் பகுதி மக்களின் சாட்சியத்தைக் கேட்டுப் பதிவுசெய்யும் ஒரு திட்டத்தைப் புலவாயோவில் தொடங்கி வைத்தார். அந்தத் தலைவர்களுக்குச் சம்பளமும் வண்டியும் கொடுப்பது அரசு. பலாக்வேயில் உள்ளூர்க்காரர்கள் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். இரவோடு இரவாக யாரோ பெயர்த்து எடுத்தார்கள். திரும்பவும் வைத்தார்கள், அதையும் உடைத்தார்கள். அதற்குப் பிறகும் வைத்தார்கள்.